இரண்டு குளிர்காலங்களுக்கு நடுவே பினாங்கு

பினாங்குத் தமிழர்களுக்குத் தைப்பூசம் என்றாலே வெயில்தான். வெறுங்காலோடு காவடி எடுத்து வருபவர்களின் பாதங்களைத் தார்ச்சாலை சுடுகிறது. தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்பத்தும் தீரத் தீர வந்துகொண்டே இருக்கின்றன. அந்த மாதத்தில் கிழக்குக் கரையில், கோத்தா பாருவில் இருக்கும் உறவினரிடம் பேசினால் மழை விடவில்லை என்பார். பெர்த்தில் படிக்கும் பிள்ளைக்கு அது உச்சக் கோடை. தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பா, விடியற்காலையில் பனி கொட்டுகிறது என்று போர்வையைப் பற்றிப் பேசுவார். நான்கு இடத்திலும் மாதம் ஒன்றுதான்.

'மலேசியாவில் பருவம் என்று ஏதும் இல்லை, வெயில் அடித்தால் வெயில், மழை பெய்தால் மழை' என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் கற்றோம். இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பினாங்குக்குச் சொந்தமாகக் குளிர்காலம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆண்டின் ஒரு பாதியில் வட அரைக்கோளத்தின் குளிர்காலமும், மறுபாதியில் தென் அரைக்கோளத்தின் குளிர்காலமும் நம் வானத்தை ஆள்கின்றன. சைபீரியாவின் குளிர் நமக்கு வறண்ட தை மாதத்தைத் தருகிறது. ஆஸ்திரேலியாவின் குளிர் நமக்கு ஆடி மாதத்தையும் சில ஆண்டுகளில் புகைமூட்டத்தையும் தருகிறது. அந்த இரண்டில் எது முந்துகிறது, எது பிந்துகிறது, எது வலுக்கிறது என்று பார்த்தால், 'காலம் கெட்டுவிட்டது' என்று நாம் அலுத்துக்கொள்ளும் நாட்களில் பலவற்றுக்குக் காரணம் புலப்படும்.

முதலில் வானத்துக் கணக்கு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போதைய தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக வெயில் கிடைக்கிறது. ஆனாலும் ஜனவரியில்தான் பெய்ஜிங்கும் டெல்லியும் நடுங்குகின்றன. பருவங்களை உண்டாக்குவது தூரமல்ல, பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பதே. இதுவரை பாடநூலில் உள்ளதுதான். பாடநூல் அதிகம் பேசாத இன்னொரு கேள்வி உண்டு. சூரியனுக்கு அருகில் இருக்கும்போது தென் அரைக்கோளத்துக்குக் கோடை, தொலைவில் இருக்கும்போது அதற்குக் குளிர்காலம். அப்படியென்றால் தெற்கில் கோடை கொதிக்க வேண்டும், குளிர் உறைய வேண்டும். நடப்பதோ தலைகீழ்.

வட அரைக்கோளத்தின் சராசரி வெப்பம் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே சுமார் 13 டிகிரி ஏறி இறங்குகிறது. தெற்கில் அந்த வித்தியாசம் 6 டிகிரி அளவுதான். காரணம் கடல். தென் அரைக்கோளத்தின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வடக்கில் பத்தில் நான்கு பங்கு நிலம். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். நிலமோ வெயில் வந்ததும் கொதித்து, வெயில் போனதும் குளிர்ந்துவிடும். கனடாவின் எட்மன்டனும் சிலி நாட்டின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாசும் நிலநடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவில், 53 டிகிரியில் இருக்கின்றன. எட்மன்டனில் கோடைக்கும் குளிருக்கும் இடையே சராசரி வெப்பம் 25 டிகிரிக்கும் மேல் மாறுகிறது. புந்தா அரேனாசில் சுமார் 10 டிகிரி மட்டுமே. அங்கே கோடையும் குளிர்தான், குளிர்காலமும் தாங்கக்கூடிய குளிர்தான். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் குளிர்காலத்தில் மைனஸ் 67.8 டிகிரியும், 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரியும் பதிவாகியுள்ளன. ஒரே ஊரில் நூறு டிகிரிக்கும் மேற்பட்ட வித்தியாசம்! தெற்கில் இதைப் போல மக்கள் வாழும் ஊர் ஒன்றுகூட இல்லை, ஏனெனில் அந்த அட்சக் கோட்டில் அங்கே இருப்பது கடலும் அண்டார்டிகாவின் பனி விளிம்பும்தான்.

இதனால் விளையும் ஒரு விந்தையை நான் எப்போது நினைத்தாலும் வியக்கிறேன். பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளியிருக்கும் ஜூலையில்தான் உலகத்தின் சராசரி வெப்பம் உச்சத்தைத் தொடுகிறது. வடக்கின் நிலப்பரப்பு அந்த அளவுக்குச் சூடேறுகிறது. போதாததற்கு வடக்கின் கோடை நீளமானதும்கூட. சூரியனிலிருந்து விலகியிருக்கும்போது பூமி மெதுவாக நகர்வதால், பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை சுமார் 186 நாட்கள் ஆகின்றன. மீதிப் பாதிக்கு 179 நாட்கள்தான்.

இதெல்லாம் தொலைதூர நாடுகளின் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. வடக்கு தெற்கைவிடச் சற்றுச் சூடானது. அதனால் இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் சந்தித்து மேகமாக எழும் மழைப்பட்டை, உலகச் சராசரியில் நிலநடுக்கோட்டின் மேல் இல்லாமல் வடக்கே ஐந்தாறு டிகிரி தள்ளி நிற்கிறது. பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ் டவுன் இருப்பது 5.4 டிகிரி வடக்கில். அந்தப் பட்டை ஆண்டு முழுவதும் நம் தலைக்கு மேல் நிற்பதில்லை. ஜனவரியில் ஜாவாவுக்கும் வட ஆஸ்திரேலியாவுக்கும் இறங்கிவிடும், ஜூலையில் இந்தியாவுக்கும் தென் சீனாவுக்கும் ஏறிவிடும். போகும்போதும் வரும்போதும் நம்மைக் கடந்து போகிறது. கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் மாலைதோறும் இடியோடு மழை கொட்டுவது இதனால்தான். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஆண்டின் மிக ஈரமான மாதங்கள். ஐப்பசியில் அடைமழை என்ற ஊர்ப் பழமொழி இங்கேயும் பொய்க்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவில் குடையோடு துணி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சூரியனும் நம்மை இரு முறை கடக்கிறது. ஏப்ரல் 3, 4 தேதிகளிலும் செப்டம்பர் 8, 9 தேதிகளிலும் பினாங்கில் அது உச்சந்தலைக்கு நேராக வரும். கோலாலம்பூரில் மார்ச் 28ஐயும் செப்டம்பர் 15ஐயும் ஒட்டி. அந்த நாட்களில் பிற்பகல் ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் இடையில் பாடாங் கோத்தா திடலில் ஒரு கம்பத்தை நட்டுப் பாருங்கள், நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு அல்லாமல் ஒன்றேகாலுக்கு மேல் என்று சொல்வதற்குக் காரணம், 1982இலிருந்து நம் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தைப் பின்பற்றுவது. ஜூன் மாதத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். மெல்பர்னில் அது எப்போதும் தெற்கேதான். அங்கே நீண்ட பகலுக்கும் குறும் பகலுக்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நமக்கு முழுதாக 40 நிமிடம்கூட இல்லை. பருவத்தை நாம் உணராமல் போனதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பகலின் நீளத்தை வைத்து நாளைக் கணிக்க நமக்கு வழியில்லை. காற்றை வைத்துத்தான் கணிக்க முடியும்.

அந்தக் காற்றுக்கு வருவோம். நவம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் குளிர்ந்து கனத்த காற்று மலைபோலக் குவிகிறது. அந்தக் குவியல் அவ்வப்போது உடைந்து தெற்கே பாயும். சீனாவைக் கடந்து, தென் சீனக் கடலின் சூடான நீரின் மேல் வரும் வழியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் மோதுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் இந்தக் காற்றின் கைவரிசைதான். தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால், கிழக்கே மழையை இறக்கிவிட்ட காற்று மேற்கே இறங்கும்போது உலர்ந்துவிடுகிறது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றுக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டு போவது இதனால்தான். தண்ணீர்மலை வெயிலும் கோத்தா பாரு வெள்ளமும் ஒரே காற்றின் இரு முகங்கள்.

இந்த வறட்சியைச் சபிக்காத ஓர் ஊர் பினாங்கிலேயே இருக்கிறது. அது பாலிக் பூலாவ். டுரியான் மரம் பூக்க வேண்டுமென்றால் சில வாரம் மழையில்லாமல் காய வேண்டும். மரத்துக்கு நீர் முட்டுப்பட்டால்தான் கிளைகளின் அடிப்புறத்தில் அரும்பு கட்டும். பூ மாலையில் விரியும். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தம் பரப்பும். விடிவதற்குள் இதழ்கள் உதிர்ந்து மரத்தடியில் வெள்ளையாய்க் கிடக்கும். ஒரு பூவுக்கு வாய்ப்பது அந்த ஓர் இரவுதான். அன்றிரவு கனமழை பெய்தால் வௌவாலும் வராது, மகரந்தமும் ஒட்டாது. காய் பிடித்த பிறகும் மழை அளவு மீறினால் மரம் பிஞ்சை உதிர்த்துவிட்டு இலைத் துளிரில் சத்தைச் செலவழிக்கும். பூத்து மூன்று நான்கு மாதத்தில் பழம். அதாவது ஜூனில் பாலிக் பூலாவ் சாலையோரத்தில் நாம் விலை பேசும் டுரியானின் தலைவிதியை, அந்த ஆண்டின் தொடக்கத்தில் சைபீரியக் காற்று எழுதிவிடுகிறது. பிப்ரவரியில் மழை தொடர்ந்தால் அந்த ஆண்டு விளைச்சல் பிந்தும், குறையும். 'இந்த வருஷம் ஏன் பழமே இல்லை' என்று கேட்பவர்களுக்குத் தோட்டக்காரர் வானத்தைக் காட்டுவது வெறும் சாக்கு அல்ல.

மே இறுதியில் காற்று திரும்புகிறது. இப்போது ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்காலம். அந்தக் கண்டத்தின் மேல் குளிர்ந்த உலர்காற்று வடமேற்காகப் புறப்பட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தமிழ்நாட்டில் இதே பருவக்காற்றை வைத்துச் சொன்னதுதான். அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே அது சீறிக்கொண்டு வருகிறது. இங்கே சுமத்திராவின் புக்கிட் பாரிசான் மலைகள் மதிலாக நிற்பதால் ஆடி பெரும்பாலும் அமைதியாகவே கழிகிறது. சில விடியல்களில் மட்டும் சுமத்திராவிலிருந்து கிளம்பும் இடிமழை வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து சிலாங்கூர், மலாக்கா கரைகளை ஒரு மணி நேரம் உலுக்கிவிட்டுப் போகும்.

ஆஸ்திரேலியக் குளிர்காலம் எவ்வளவுக்கு உலர்ந்து வருகிறதோ அவ்வளவுக்குச் சுமத்திரா, கலிமந்தான் கரிச்சதுப்பு நிலங்கள், அதாவது மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்புகள், காய்கின்றன. நிலத்தைத் திருத்த வைக்கும் தீ அங்கே மண்ணுக்குள் இறங்கிவிட்டால் மழை வரும்வரை அணையாது. தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நேரே நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறது. தீயை மூட்டுவது மனிதன். இயற்கையின் மேல் பழியைப் போட நான் விரும்பவில்லை. ஆனால் எந்த ஆண்டு புகை மோசமாகும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. 1997, 2015 இரண்டும் எல் நினோ ஆண்டுகள், அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறிய ஆண்டுகள். 2019இல் குறிப்பிடத்தக்க எல் நினோ இல்லை, ஆனாலும் செப்டம்பரில் புகை நம்மை மூடியது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும், சுமத்திராவை ஒட்டிய பகுதி குளிர்ந்தும் கிடந்தது. கடல் குளிர்ந்தால் மேகம் எழாது, மழை வராது.

அந்த 2019ஐப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் இரு அரைக்கோளங்களின் குணமும் அதில் தெரிகிறது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை அண்டார்டிகாவுக்கு மேலே, மேகங்களுக்கும் உயரே உள்ள அடுக்கு மண்டலத்தில் வெப்பம் திடீரென்று ஏறியது. வட துருவத்தில் இது புதிதல்ல. பத்தாண்டில் ஐந்தாறு முறை நடக்கும். வடக்கில் இமயமலை, ராக்கி மலைகள், நிலமும் கடலும் மாறி மாறி வரும் கரைகள் எல்லாம் காற்றில் பேரலைகளை எழுப்பி மேலே அனுப்புகின்றன, அவை துருவத்தைச் சுற்றி வீசும் காற்றான துருவச் சுழலை உடைக்கின்றன. தெற்கில் துருவத்தைச் சுற்றிலும் கடல் மட்டும் இருப்பதால் சுழல் கலையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே பெரிய அளவில் அது உடைந்தது 2002இல் மட்டுமே. 2019இல் நடந்தது அதற்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது. ஓசோன் துளை அந்த ஆண்டு மிகச் சிறிதாக இருந்தது நல்ல செய்தி. ஆனால் ஆஸ்திரேலியாவின் வசந்தம் வழக்கத்தை மீறி வறண்டு கொதித்ததற்கு இந்தியப் பெருங்கடலோடு இதுவும் சேர்ந்து காரணமானது. அந்தக் கோடையில் சிட்னி வானம் செம்புகையானதை உலகமே பார்த்தது. பினாங்கில் புகைமூட்டத்தால் இருமிய முதியவருக்கும், சில வாரம் கழித்துச் சிட்னியில் புகையால் வீட்டுக்குள் முடங்கிய அவருடைய மகளுக்கும் ஒரே கடல்தான் தொல்லை கொடுத்தது.

நாம் படும் கடும் வெப்பத்துக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. எல் நினோ பசிபிக்கில் உச்சமடைவது ஆண்டு இறுதியில். அதன் சூடு நம்மை முழுதாக எட்டச் சில மாதம் ஆகும். அதற்குள் தை, மாசி வறட்சி மண்ணை உலர்த்தியிருக்கும். மார்ச், ஏப்ரலில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடும். மூன்றும் ஒன்றாகக் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1998 ஏப்ரல் 9 சாட்சி. அன்று பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. மலேசியாவில் அதை மிஞ்சிய பதிவில்லை. சூப்பிங்கின் உச்சிக்குச் சூரியன் வருவது ஏப்ரல் 6, 7 தேதிகளில் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தேதி தற்செயலாக விழுந்தது போலத் தோன்றவில்லை. 2016 ஏப்ரலிலும் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெப்பத்தால் மூட வேண்டியதாயிற்று. எனவே எல் நினோ ஆண்டு முடிந்துவிட்டது என்று ஜனவரியில் நிம்மதி அடைவது தவறு. சாலைப் பணியாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர்கள் ஆகியோரின் வேலை நேரத்தை மாற்றியமைக்க வேண்டிய மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. நிழலே இல்லாத இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் உடம்புக்கு, அந்த எச்சரிக்கை வரும்போதே தாமதமாகிவிட்டிருக்கும்.

எதிர்த்திசை விநோதமும் நடக்கிறது. 2018 ஜனவரியிலும் 2021 ஜனவரியிலும் தீபகற்பத்தில் சில நாட்கள் பகலிலேயே குளிரெடுத்தது. வடக்கிலிருந்து பாய்ந்த காற்று வலுவாக இருந்ததோடு, மேகம் நாள் முழுக்கக் கலையாமல் வெயிலை மறித்ததும் காரணம். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1 அன்று பதிவான 7.8 டிகிரியும் இதே பருவத்தில்தான் வந்தது.

சந்தைக்குப் போகிறவர்கள் இரு அரைக்கோளங்களையும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்குக் கமலா ஆரஞ்சு சீனாவிலிருந்து வருகிறது, அது வடக்கின் குளிர்கால விளைச்சல். ஜூலையில் அதே வகைப் பழம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, அது தெற்கின் குளிர்கால விளைச்சல். செர்ரிப் பழம் டிசம்பரில் தாஸ்மேனியாவிலிருந்து, ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து. பழக்கடைக்காரர்கள் பெட்டியின் மேல் இருக்கும் நாட்டின் பெயரைப் படித்தே மாதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது புயல். நிலநடுக்கோட்டை ஒட்டிப் புயல் உருவாகாது என்பது நெடுநாள் நம்பிக்கை. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை அங்கே மிகக் குறைவு. அந்த வளைவு இல்லாவிட்டால் காற்று சுழலாது. வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த்திசையிலும் சுழலும் புயல்களுக்கு நடுவில், நமக்குக் கவசம் போல ஒரு பத்து டிகிரி அகல வெற்றிடம் இருப்பதாக நினைத்திருந்தோம். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் சூறாவளி, 1.5 டிகிரி வடக்குக்கும் கீழே உருவாகி ஜோகூரைத் தாக்கியது. வடக்கிலிருந்து வந்த குளிர்க்காற்றுப் பாய்ச்சல் ஒடுங்கிய கடற்பரப்பில் சிக்கிச் சுழன்றதே அதற்கு வித்து. ஆக, அந்தப் புயலின் பிறப்பிலும் சைபீரியக் குளிருக்குப் பங்குண்டு.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் காற்றழுத்தத் தாழ்வின் தாக்கத்தால் பினாங்கில் ஓர் இரவில் கொட்டிய மழை ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. 2021 டிசம்பர் நடுவில், எல் நினோவுக்கு மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா ஆண்டில், தென் சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் குடும்பங்கள் கூரையில் ஏறி நின்றன. நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 நவம்பர் இறுதியில் சென்யார் சூறாவளி மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, ஆச்சேயையும் வட சுமத்திராவையும் நாசமாக்கிவிட்டு, திரும்பித் தீபகற்பத்தின் மேற்குக் கரையைக் கடந்தது.

இம்மூன்றும் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை, மேற்குக் கரையைத் தாக்கியவை. வடகிழக்குப் பருவக்காற்று என்றதும் படகும் நிவாரண முகாமும் கிழக்குக் கரைக்கு ஒதுக்கப்படுவது வழக்கம். மேற்கே அந்த மாதங்களில் திடீர் வெள்ளத்துக்கு மட்டும் தயாராக இருப்போம். தாமான் ஸ்ரீ மூடாவில் முதல் இரவு படகு வராமல் அண்டை அயலார்தான் ஒருவரையொருவர் கரைசேர்த்தார்கள். பத்து மாவூங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் சுங்கை பினாங்கு ஓரத்திலும் தாழ்வான வீடுகளில் இருப்பவர்களுக்கு எந்த மண்டபம் திறக்கும், யார் எண்ணுக்கு அழைக்க வேண்டும், படுக்கையில் இருக்கும் பெரியவரை யார் தூக்குவது என்பதெல்லாம் அக்டோபரிலேயே முடிவாகியிருக்க வேண்டும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தீபாவளிக்கு முன்பே இதற்காக ஒரு முறை கூடிப் பேசலாம்.